சார்ஜனுக்கு இரண்டு நாள்

சோறு ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

கட்டைபறிச்சானில் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல். கிடாரம் நிறையச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயாசம். வாழையிலையும் போட்டாயிற்று. ஆனால் ஊரில் ஒருவர்கூட உட்காரவில்லை. மார்கழித் தூறல் பந்தல் தகரத்தில் விழுந்துகொண்டிருக்க, எல்லோரும் மூதூரிலிருந்து வரும் றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு சார்ஜன் சுமனபாலவின் முதலாவது நினைவு நாள். அந்த ஊர்ச் சனத்தை வெள்ளத்திலிருந்து ஏற்றியெடுக்கப் போய் உயிரை விட்ட பொலிஸ்காரர் அவர். அவருடைய மனைவி பியசீலி கந்தளாயிலிருந்து வருவார், வந்து விளக்கேற்றுவார், அதற்குப் பிறகுதான் பந்தி என்று ஊர் முடிவெடுத்திருந்தது.

பன்னிரண்டு மணி போனது. ஒரு மணியும் போனது. பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கின. யோகராசா வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக றோட்டுச் சந்திக்கும் பந்தலுக்கும் நடந்து நடந்து, வேட்டிக் கரையெல்லாம் சேறாக்கிக்கொண்டிருந்தார். வெள்ளத்தன்று சார்ஜனை ஏற்றிக்கொண்டு போன வள்ளம் இவருடையது. உயிரோடு திரும்பி வந்தவரும் இவர்.

இரண்டு மணிக்கு என்னிடம் வந்தார்.

"அவ வரமாட்டா அக்கா. எனக்குத் தெரியும். அவ என்னில கோவம்" என்றார்.

பஸ் தவறியிருக்கும், சுகமில்லாமல் இருந்திருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவரை வரச்சொல்லிச் சிங்களத்தில் கடிதம் எழுதியவள் நான்தான். கடைசியில் பிள்ளைகளின் முகத்துக்காகப் பந்தி வைத்தோம். எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

லோஞ்சில் ஒரு பொலிஸ் தொப்பி

இந்தத் தொடரில் சென்ற கிழமை பழைய மூதூர் லோஞ்சைப் பற்றி எழுதியிருந்தேன். கிண்ணியா வழியாகப் பாலங்கள் வருவதற்கு முன்பு திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து நாங்கள் போய்வந்தது அந்த மோட்டார்ப் படகில்தான். டீசல் மணமும், சாக்குக் கருவாட்டு மணமும், யாரோ ஒருவருடைய வாந்தியும் கலந்த பயணம். சார்ஜனை நான் முதன்முதல் கண்டதும் அங்கேதான்.

மடியில் பொலிஸ் தொப்பி. கையில் தமிழ்ப் பேப்பர். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, சத்தமாக, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அசீஸ் நானா அவரைத் திருத்திக்கொண்டே வந்தார். நானா மூதூர் இறங்குதுறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். பேப்பரும் அவருடையதுதான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தைத் தமிழிலும் தமிழைச் சிங்களத்திலும் நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை வறளுகிற உத்தியோகம். சனம் அந்த வேலையை முதலியார் என்றுதான் சொல்லும். சேலை உடுத்து நின்றாலும் முதலியார்தான். லோஞ்சிலாவது இரண்டு மொழியும் காதில் விழாமல் இருக்கட்டும் என்று நினைப்பவள் நான். இந்த மனிதர் தலைப்புச் செய்தியை நாலாம் தடவை வாசிக்கிறார்!

பொறுக்க முடியாமல், இந்த வயதில் இது என்ன பாடு என்று சிங்களத்திலேயே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"சனம் வந்து முறைப்பாடு சொல்லுது. நான் எழுதுறன். நான் என்ன எழுதினனான் எண்டு அதுகளுக்குத் தெரியவேணும்தானே" என்று தமிழில் சொன்னார். அசீஸ் நானாவின் பேச்சு வாடை அப்படியே அடித்தது.

"நீங்க சொன்னது இதுதானா?"

அவர் எப்படி வேலை செய்தார் என்பதை எழுதாமல் இந்தக் கதையை எழுத ஏலாது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்தால் அதை எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். என் காலத்தில் பெரும்பாலும் அது சிங்களத்தில் இருக்கும். எங்கள் சனம் தமிழில் சொல்லும், வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்தும் வைக்கும். பிறகு கோட்டில் நீதவானுக்கு முன்னால் ஏறி நின்று, நான் அப்படிச் சொல்லவே இல்லை ஐயா என்று அழும். அந்த அழுகையை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சார்ஜன் தமிழில் எழுதுவார். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. ஒன்று பெருத்து, ஒன்று சிறுத்து, கொப்பிக் கோட்டுக்கு வெளியே நழுவிக்கொண்டிருக்கும். எழுதி முடிந்ததும் எழும்பி, மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, முறைப்பாடு சொன்னவருக்குப் பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு, முதல் எழுத்திலிருந்து வாசித்துக் காட்டுவார். ஒவ்வொரு பக்கம் முடியவும், "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்பார். இல்லையென்றால் வெட்டி, திரும்ப எழுதி, திரும்ப வாசிப்பார்.

வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கூட வேலை செய்தவர்கள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது என்று பகிடி பண்ணுவார்கள். கோட்டில் சட்டத்தரணிகள் அவருடைய எழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் சேவைக்காலம் முழுக்க, அவர் எழுதிய வாக்குமூலத்தைக் கையில் கொடுத்து வாசித்தபோது, நான் இப்படிச் சொல்லவில்லை என்று ஒரு சாட்சிகூடச் சொன்னதில்லை. எத்தனையோ பெரிய அதிகாரிகளின் தலையில் தொப்பியைப் பார்த்திருக்கிறேன். மனதார எழும்பி நின்று மரியாதை செய்தது இந்த ஒருவருக்குத்தான்.

வெள்ளம்

அந்த மாரியில் மழை விட்டபாடில்லை. மேலே குளங்களைத் திறந்துவிட்டார்கள், ஆற்றுத் தண்ணீர் வயலெல்லாம் ஏறி வந்தது. சார்ஜன் கடமை முடிந்து கந்தளாய்க்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர். வயல் பக்கத்துக் குடிசைகளில் ஆட்கள் அகப்பட்டுவிட்டார்கள் என்று கேட்டதும், பையை அசீஸ் நானாவின் கடையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். யோகராசா வள்ளத்தை இறக்கினார். இருவரும் பின்னேரம்வரை போய்ப்போய் வந்தார்கள்.

கடைசித் தடவை ஒரு தாயும் கைக்குழந்தையும். தண்ணீருக்குள் மறைந்து கிடந்த வேலிக் கட்டையில் வள்ளம் மோதிக் கவிழ்ந்தது. தாய், பிள்ளை, யோகராசா தப்பினார்கள். சார்ஜனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

மரண விசாரணையில் யோகராசா சொன்னது ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு நான் போகவில்லை. அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்.

சில மாதம் கழித்து, சார்ஜனுக்கு வருசாவருசம் ஒரு நாள் வைக்கவேண்டும் என்று யோகராசா சங்கக் கூட்டத்தில் கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரருக்கு நாள் வைப்பதென்றால் சும்மா கதையா? முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் காரணமும் இருந்தது, அதை நான் இங்கே கிளறவில்லை. அப்போது அந்தத் தாய் இடுப்பில் பிள்ளையோடு எழும்பினாளாம்.

"எனக்குப் பொலிசைத் தெரியாது. சார்ஜனைத் தெரியும்" என்றாளாம்.

ஊர் ஒத்துக்கொண்டது. சார்ஜனின் நாளில் மத்தியானம்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்குவதில்லை, ஊரோடு சமைத்துச் சாப்பிடுவது, பியசீலி விளக்கேற்றுவது என்று தீர்மானம் எழுதினார்கள்.

நான் விட்ட பிழை

யோகராசா நகரத்துக்கு, என் வீட்டுக்கு வந்து கடிதம் எழுதித் தரச் சொன்னார். போனில் கதைக்கலாமே என்றேன். எங்களிடம் இருந்த ஒரே நம்பர் சார்ஜனுடையது.

"திதி எப்ப வருது எண்டு ஐயரிட்டக் கேட்டுட்டன் அக்கா" என்றார். மார்கழி வளர்பிறைச் சப்தமி. அமாவாசை கழித்து ஏழாம் நாள். என் தலை தானாக ஆடியது. நான் சாம்பல்தீவில் பிறந்தவள். அப்பாவின் திவசத்தை இத்தனை வருசமாகத் திதி பார்த்துத்தான் செய்கிறோம். அது சில வருசம் முந்தி வரும், சில வருசம் பிந்தி வரும். கலண்டர் திகதியை யார் பார்த்தது?

எழுதினேன். நல்ல சிங்களம், எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். அவருடைய ஆண்டு நினைவு நாளில் எங்கள் ஊருக்கு வந்து விளக்கேற்றித் தரவேண்டும் என்று எழுதினேன். திகதி போடவில்லை. மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். புருசன் செத்த நாளைப் பெண்சாதிக்கு நான் எழுதியா காட்டவேண்டும், அது மரியாதையில்லை என்று பெரிய யோசனை! கட்டாயம் வருவேன் என்று பதில் வந்தது. அதிலும் திகதி இல்லை. அவருக்கும் அது தேவைப்பட்டிருக்காது.

சோறு ஆறிய அந்த நாள் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில், ஒரு பின்னேரம் அசீஸ் நானா எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, சார்ஜன்ட பொஞ்சாதி இண்டைக்கு வந்து போயிருக்கா. உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

நானா மத்தியான லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்த நேரம் நடந்திருக்கிறது. கடையில் அவருடைய மச்சான் மட்டும்தான். ஒரு வான் வந்து நின்றதாம். வெள்ளைச் சேலை உடுத்த பெண், கூடத் தங்கை. கட்டைபறிச்சானுக்கு வழி கேட்டுப் போய், அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்களாம். சங்கக் கட்டடம் பூட்டிக் கிடந்ததாம். பந்தல் தடிகளைக் கழற்றிச் சுவரோடு அடுக்கியிருந்ததாம். ஊர் வயலிலும் கடலிலும். தானத்துக்கென்று சமைத்துக் கொண்டுவந்த பாற்சோற்றுச் சட்டிகளை நானாவின் கடையில் இறக்கிவைத்து, வீணாக்காமல் யாருக்காவது கொடுங்கள் என்றாராம். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லையாம். போகும்போது தங்கையிடம், ஒரு வருசத்துக்குள் மறந்துவிட்டார்கள் என்று சொன்னது மச்சானின் காதில் விழுந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் சார்ஜன் இறந்த கலண்டர் திகதி. சிங்களச் சனம் இறந்தவர் பேரில் கொடுக்கிற வருசத் தானத்தை அந்தத் திகதியில்தான் கொடுக்கும். இது எனக்குத் தெரியாத விசயமா? சாட்சிக் கூட்டில் நின்று, மாரி தொடங்கின நேரம் என்று சொன்ன எத்தனை பேரைத் திகதி சொல்லுங்கோ, திகதி சொல்லுங்கோ என்று விரட்டியிருப்பேன்! என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கந்தளாயில் ஒரு முற்பகல்

மறுநாளே யோகராசாவைக் கூட்டிக்கொண்டு போனேன். லேசில் வரவில்லை.

"ஏலாது அக்கா. அவவின்ர முகத்தைப் பார்க்க என்னால ஏலாது" என்று நின்றார். வராவிட்டால் என் வீட்டுப் படி மிதிக்க வேண்டாம் என்று கத்தினேன். நான் கத்தினால் கொஞ்சம் வேலை நடக்கும்.

குளத்து வாய்க்கால் ஓரமாகச் சின்ன வீடு. பின்னால் பச்சை வயல். சுவரில் சார்ஜனின் படம், தொப்பியோடு. பியசீலி எங்களை இருத்தி, கருப்பட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன். முன்பே ஒரு நாள் ஊர் முழுக்க அவருக்காகப் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உங்கள் கடிதம் அழகாக இருந்தது. அதை வைத்திருக்கிறேன்" என்றார். அதற்குமேல் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

யோகராசா தேத்தண்ணியைத் தொடவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கதைக்கத் தொடங்கினார். கோட்டில் எங்களுக்கு ஒரு விதி. சாட்சி 'நான்' என்றால் முதலியாரும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். அவர் இப்படிச் சொல்கிறார் என்று தள்ளி நிற்க ஏலாது. பழக்கதோசம், அன்றைக்கும் அப்படியே செய்தேன்.

"வள்ளம் பிரண்ட பிறகு ஒரு கையால விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்" என்றார் யோகராசா. "தாய் அங்கால பிடிச்சுக்கொண்டு கிடந்தவ. சார்ஜன் பிள்ளையைத் தூக்கி என்ர மற்றக் கையில தந்தவர். பிள்ளையைப் பிடி எண்டவர். பிறகு தண்ணி அவரை இழுத்தது. ஒருக்காக் கையை நீட்டினவர். என்ர கையில பிள்ளை. நான் பிடிக்கேல்ல அம்மா. நான் பிடிக்கேல்ல."

நான் பிடிக்கவில்லை என்று சிங்களத்தில், என் வாயால், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பிள்ளையை அவர்தான் தந்தாரா என்று பியசீலி கேட்டார். யோகராசா ஓமென்று தலையாட்டினார்.

"வீட்டிலும் அப்படித்தான்" என்றார் பியசீலி. "பானையில் கடைசி அகப்பைச் சோறு கிடந்தால் என் பீங்கானில் போட்டுவிட்டு, தனக்குப் பசியில்லை என்பார். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மல்லி, உன்னை நான் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. கடைசியாக அவரோடு இருந்த ஆள் நீ. ஒரு வருசமாக ஏன் இந்தப் பக்கம் வரவில்லை? அதில்தான் எனக்குக் கோபம்."

மல்லி என்றால் தம்பி. அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. யோகராசா சின்னப் பிள்ளை மாதிரிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அழுது ஓய்ந்ததும் யோகராசா, இனி ஊரில் திதியை விட்டுவிட்டு அம்மாவின் திகதிக்கே நாளை மாற்றுகிறோம் என்றார். பியசீலி வேண்டாம் என்றார். ஊர்ச் சனம் தங்கள் வீட்டு ஆளுக்குத் திதிக் கணக்குப் பார்ப்பதுபோல அவருக்கும் பார்த்திருக்கிறது, அதை ஏன் மாற்றவேண்டும் என்று கேட்டார்.

"இரண்டு நாளும் இருக்கட்டும்" என்றார். "உங்கள் நாளுக்கு நான் வருகிறேன். என் நாளுக்கு நீங்கள் இங்கே வாருங்கள். நேற்று வானில் நான் அழுதுகொண்டு வந்தது போல இன்னொரு தடவை எனக்கு ஏலாது."

திதியை எப்படிக் கணக்கெடுப்பது என்று கேட்டார். யோகராசா விரல் மடித்துக் காட்டினார். பியசீலி சுவர்க் கலண்டரைப் பார்த்து, பௌர்ணமிப் போயாவுக்கு எட்டு நாள் முந்தி என்று தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். பிறகுதான் யோகராசா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

அடுத்த மார்கழி

அடுத்த வருசம் திகதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக் கடிதம் அனுப்பினேன். அது போய்ச் சேருவதற்கு முன்பே பியசீலி நாளைக் குறித்து வைத்திருந்தாராம்.

அன்றைக்குப் பந்தலின் ஒரு மூலையில் எனக்கும் மேசை போட்டிருந்தார்கள். விளங்காத கடிதம், கோட்டுத் தாள், காணிப் பத்திரம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறேன் என்று நான்தான் கேட்டிருந்தேன். சார்ஜனின் நாளில் நான் செய்யக்கூடியது அதுதான். காலையிலேயே வரிசை நின்றது.

பத்து மணிக்குப் பொலிஸ் பொறுப்பதிகாரி வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிசன். விளக்கேற்ற நேரமானது. சார்ஜனின் மனைவியைப் பிரதம விருந்தினராக முன்னுக்குக் கூட்டி வாருங்கள் என்றார். ஆளைக் காணோம். நான் திரும்பவும் றோட்டைப் பார்த்தேன். யோகராசா சிரித்துக்கொண்டு பந்தலுக்குப் பக்கத்துச் சமையல் கொட்டிலைக் காட்டினார். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய பியசீலி, எங்களுக்குச் சொல்லாமல் நேரே சமையல் கொட்டிலுக்குள் போயிருக்கிறார். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யோகராசாவின் மனைவிக்குப் பக்கத்தில் பலகையில் இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. கத்தியும் சுளகும் கைமாறிக்கொண்டிருந்தன.

பொறுப்பதிகாரி கொட்டில் வாசலுக்கே போய் அழைத்தார். பியசீலி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து விளக்கை ஏற்றினார். பிறகு அதிகாரி, முதல் பந்தியில் விருந்தினரோடு இருந்து சாப்பிடும்படி அவரை மரியாதையாகக் கேட்டார்.

"நீங்கள் இருங்கள் ஐயா, வந்தவர்கள் முதலில் சாப்பிடட்டும்" என்றார் பியசீலி. "நான் இந்த வீட்டு ஆள்."

எல்லோருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னேன்.

விருந்தினர் சாப்பிட்டார்கள். ஊர் சாப்பிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டு ஆட்களுக்குக் கடைசிப் பந்திதான். மூன்று மணிக்குமேல், கறி அடியில் கொஞ்சமே கிடந்த நேரத்தில், யோகராசாவும் மனைவியும் நானும் இலை போட்டு உட்கார்ந்தோம். பியசீலி எங்களோடு அந்தப் பந்தியில் இருந்து சாப்பிட்டார்.